கழுதை குறுக்கே வந்தது என்று சொன்னேன்

முதலில் என் கழுத்தைத்தான் அளந்தார்கள். நிறுவையும் வயிற்றுச் சுற்றளவும் எடுப்பார்கள் என்று தெரிந்துதான் போயிருந்தேன். அதற்கென்று காலையில் தேத்தண்ணிகூடக் குடிக்காமல், இருப்பதிலேயே மெல்லிய சேர்ட்டைத் தேடிப் போட்டிருந்தேன். ஆனால் கிளினிக் நேர்ஸ் மிஸ் நாடாவை எடுத்துக் கழுத்தைச் சுற்றியதும் எனக்குக் குப்பென்று வியர்த்துவிட்டது.

"கழுத்து எதுக்கு மிஸ்?"

"கழுத்து தடிச்சா உள்ளுக்கு மூச்சுப் போற வழி நெருக்குப்படும். நித்திரையில அடைக்கும்."

பக்கத்தில் நின்ற மனைவி என்னைப் பார்த்தாள். என்னை அங்கே இழுத்து வந்தவள் அவள்தான். நான் குறட்டை விடுவது ஊரறிந்த சங்கதி. மதிலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் மச்சான் காலையில் கண்டால், "ராவு ஜெனரேட்டர் நல்லா ஓடிச்சு போல" என்பார். குறட்டை சத்தத்தில் அவளுக்குப் பயமில்லை. அது சட்டென்று நிற்பதுதான் பயம். நின்றதும் இருட்டில் எழுந்து உட்கார்ந்து எண்ணத் தொடங்குவாளாம். இருபது வரைக்கும் மூச்சு வராவிட்டால் தோளைப் பிடித்து உலுக்குவாளாம். நான் ஒரு முறை கொக்கரித்துவிட்டுத் திரும்பிப் படுப்பேனாம். இதெல்லாம் எனக்கு ஒன்றும் தெரியாது. தூங்குகிறவனுக்கு என்ன தெரியும்?

ஆனால் அவளுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். நான் ஸ்கூல் வேன் ஓட்டுகிறவன். பள்ளிவாசல்துறைப் பக்கத்துப் பிள்ளைகள் பதினொரு பேரைக் காலையில் ஏற்றிக்கொண்டுபோய் புத்தளம் டவுனில் இறக்கி, பகல் ஒன்றரைக்குத் திரும்ப ஏற்றி வருவேன். சில மாதங்களாக அந்தப் பகல் ஓட்டத்தில், ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே என் கண் மூடிக்கொண்டிருந்தது. ஒரு நொடி, இரண்டு நொடி. ஒரு நாள் நுரைச்சோலைச் சந்தியைத் தாண்டியதே எனக்கு நினைவில்லை. அடுத்த ஊர்ப் பள்ளியின் மினாராவைக் கண்டுதான் நடுங்கிப் போனேன். அந்த இரண்டு மைல் வேனை யார் ஓட்டியது? அல்லாஹ்தான் ஓட்டியிருக்க வேண்டும்.

நான் செய்யாத வைத்தியமில்லை. வாயில் கராம்பு போட்டேன். பச்சை மிளகாயைக் கடித்தேன். ஈரத் துவாயைக் கழுத்தில் போட்டுக்கொண்டேன். கராம்பை மென்றபடியே கண் மூடியது. யாருக்கும் சொல்லவில்லை. சொன்னால் வேன் போய்விடும், வேன் போனால் நான் யார் என்று எனக்கே தெரியாது.

டொக்டர் சின்ன வயதுச் சிங்களப் பெண். அவர் என் வயிற்றைப் பார்த்து முகம் சுளிக்கவில்லை, அதுவே எனக்குப் புதுமை. நூற்று இருபத்தாறு கிலோ என்று மிஸ் எழுதியதைப் பார்த்துவிட்டு, எந்த வயதில் உடம்பு கூடத் தொடங்கியது, என்ன குளிசை பாவிக்கிறேன், வாப்பா உம்மாவுக்குச் சீனி வருத்தம் இருந்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பிரஷர் பார்த்தார், கூடவாக இருந்தது. சீனிக்கும் தைரொயிட்டுக்கும் கொழுப்புக்கும் இரத்தம் எடுக்கச் சொன்னார். "இது சோம்பேறித்தனம் இல்ல, வருத்தம். வருத்தத்துக்கு வைத்தியம் இருக்கு" என்று மிஸ் அவர் சொன்னதைத் தமிழில் சொன்னார். எனக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும், ஆனாலும் இரண்டாம் முறை கேட்க ஆசையாக இருந்தது.

பிறகு ஒரு தாளை எடுத்தார். ரீவி பார்க்கும்போது தூங்குவீர்களா? பகல் சாப்பாட்டுக்குப் பிறகு? ஒருவரோடு கதைத்துக்கொண்டிருக்கும்போது? ஒவ்வொன்றுக்கும் பூச்சியத்திலிருந்து மூன்று வரை ஒரு இலக்கம். நான் உண்மையைத்தான் சொல்லிக்கொண்டு வந்தேன். கடைசியாக அவர் பேனையை நிறுத்தி, என் கண்ணைப் பார்த்துக் கேட்டார்.

"வாகனம் ஓட்டும்போது?"

"இல்லை" என்றேன். மிஸ் தமிழில் திருப்பிக் கேட்டார். தமிழிலும் இல்லை என்றேன். இரண்டு பாஷையிலும் பொய்.

அவர் அந்த இடத்தில் பூச்சியம் போட்டார். நித்திரையில் மூச்சு நிற்பதைப் பரிசோதிக்கக் கொழும்புக்குப் போக வேண்டும், வரிசை நீளம், அவசரமானவர்களுக்குத்தான் முதலிடம் என்றார். நான் அவசரமில்லாதவனாக வரிசையின் வாலில் நின்றேன். என் பூச்சியம்தான் என்னை அங்கே நிறுத்தியது.

அடுத்தது சாப்பாடு. மிஸ் கேட்டார், "ஒரு வேளைக்கு எத்தின பீங்கான் சோறு?"

"அது தெரியாது மிஸ்."

"தின்றது நீங்கதானே?"

"சஹன்ல தின்றது மிஸ். எப்பிடி எண்ணுற?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உண்மை அதுதான். எங்கள் விசேஷங்களில் நாலைந்து பேர் ஒரு பெரிய தட்டைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவோம், அதுதான் சஹன். யார் எவ்வளவு சாப்பிட்டார் என்று தோளில் இருந்து கணக்கெழுதுகிற மலக்குமாருக்குத்தான் தெரியும். கலியாணம், கந்தூரி, வீடு குடிபூரல் எதுவென்றாலும் ஆட்களை ஏற்றி இறக்குவது என் வேன். ஏற்றி வந்தவனைச் சாப்பிடாமல் அனுப்புவது எங்கள் பக்கத்தில் கிடையாது. ஆக, எந்த வீட்டில் அடுப்பு எரிந்தாலும் நான் சஹனில் இருப்பேன்.

சஹனுக்கு ஒரு முறையிருக்கிறது. மற்றவர்கள் முடிக்கும் முன் கையை எடுக்கக் கூடாது. எடுத்தால் அவர்களும் வெட்கத்தில் எடுத்துவிடுவார்கள், அரை வயிற்றோடு எழும்புவார்கள். நான் பெரிய உடம்புக்காரன், எனக்குப் போதாமல் போகுமே என்று மற்ற நாலு பேரும் கை எடுக்க மாட்டார்கள். அவர்கள் இன்னும் சாப்பிடுகிறார்களே என்று நானும் எடுக்க மாட்டேன். இரண்டு பக்கமும் மரியாதை, நடுவில் சஹன் காலியாகும். உடனே ஒருவர், "இஞ்ச சோறு கொண்டாங்க" என்று சத்தம் போடுவார். இறைச்சியை எல்லாரும் என் பக்கம் தள்ளிவிடுவார்கள். தள்ளிய இறைச்சியைத் திருப்பித் தள்ளுவது தள்ளியவரின் முகத்தில் துப்புகிற மாதிரி.

எனக்கும் மறுக்க மனமில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். தொண்ணூறில் முஸ்லிம்களை வெளியேறச் சொன்னபோது மன்னாரிலிருந்து உடுத்த உடுப்போடு வந்த குடும்பம் எங்களது. கிடுகுக் கொட்டிலில், நிவாரண மாவைக் கரைத்துச் சுட்ட ரொட்டியை ஏழு பேருக்கு ஏழு துண்டாகப் பிய்த்துத் தின்றவன் நான். சண்டை முடிந்து, பாதை திறந்து, சொந்தங்களில் பாதிப் பேர் திரும்பிப் போனார்கள். நான் இங்கேயே நின்று வேன் எடுத்தேன். கை நிறையச் சோறு பிசையும்போது எனக்கு வருகிற நிம்மதி, தொழுகையில்கூடச் சில நேரம் வருவதில்லை. இதை ஒரு பெருமையாகச் சொல்லவில்லை.

முதல் மாதம் நல்ல பிள்ளையாக இருந்தேன். வீட்டில் எனக்கென்று ஒரு சின்னப் பீங்கான், பாதிக்கு மரக்கறி, சீனியில்லாத தேத்தண்ணி. மாலையில் அஸர் தொழுதுவிட்டுக் கடற்கரை வரை நடந்தேன். வாடியில் மீன் காயப்போடுகிற, என்னை அண்ணன் முறை வைத்து நானா என்று கூப்பிடும் பெண்கள், "நானா, கப்பல் ஏதும் வருதா?" என்று கேலி செய்தார்கள். நாலு கிலோ குறைந்தது. டொக்டர் சந்தோஷப்பட்டார். வேனில் கண் மூடுவது மட்டும் குறையவில்லை. நாலு குறைந்தால் மிச்சமும் குறையும், அதோடு தூக்கமும் போய்விடும் என்று எனக்கு நானே கதை சொல்லிக்கொண்டேன்.

பிறகு அந்தக் கலியாண வலிமா விருந்து வந்தது. பாலாவிப் பக்கத்தில் ஒரு மண்டபம். காலையில் பிள்ளைகளை டவுனில் இறக்கிவிட்டு, மதுரங்குளியிலிருந்து மாப்பிள்ளை வீட்டாரை ஏற்றி வந்து இறக்கினேன். வெளியே நின்றுகொள்கிறேன் என்று சொல்லிப் பார்த்தேன், மாப்பிள்ளையின் சாச்சா கையைப் பிடித்து இழுத்துத் தன் சஹனிலேயே உட்காரவைத்தார். பாதியில் நான் மெதுவாகக் கையைச் சுருக்கினேன். நாலு பேரும் ஒரேயடியாகக் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். சாச்சா, "என்ன மகன், எங்கட சாப்பாட்டுல குறையா?" என்றார். டொக்டர் வேண்டாமென்று சொன்னார் என்று நாலு வார்த்தை சொல்லியிருக்கலாம். அத்தனை பேர் முன்னால் எனக்கு வருத்தம் என்று சொல்ல வெட்கம். "இல்ல சாச்சா, அருமையான சாப்பாடு" என்றேன். இரண்டாம் முறை சோறு வந்தது, மூன்றாம் முறையும் வந்தது, இனிப்புக்கு வட்டிலப்பமும் வந்தது.

ஒன்றரைக்குப் பள்ளிக்கூட வாசலில் நின்றேன். பதினொரு பிள்ளைகளும் ஏறினார்கள். வெயில் தார் ரோட்டில் தண்ணீர் மாதிரி பளபளத்தது. நுரைச்சோலையைத் தாண்டியது வரை நினைவிருக்கிறது.

அடுத்தது எனக்குத் தெரிந்தது சத்தம்தான். வேனின் அடிவயிற்றில் மண் மோதுகிற சத்தம், கிடுகு வேலி முறிகிற சத்தம். கண்ணைத் திறந்தபோது முன் கண்ணாடி நிறைய ஒரு தென்னை மரம். பிரேக்கில் என் கால் எப்படிப் போனதோ தெரியாது. வேன் வெங்காயப் பாத்திக்குள் சரிந்து நின்றது. மரத்துக்கும் வேனுக்கும் நடுவே ஒரு ஆள் போகலாம், அவ்வளவுதான். இடது பக்கம் சரிந்ததால் வெங்காயம். வலது பக்கம் சரிந்திருந்தால், எதிரே வந்துகொண்டிருந்த லொறி. அந்த லொறி ஹோன் அடித்துக்கொண்டு போனதை இப்போதும் என் காது கேட்கிறது.

பின் சீட்டுப் பிள்ளைகள் கை தட்டினார்கள். "மாமா, இன்னொருக்கா! இன்னொருக்கா!" நான் விளையாட்டுக் காட்டியதாக நினைத்தார்கள்.  திரும்பி ஒவ்வொரு தலையாக எண்ணினேன். பதினொன்று. மறுபடியும் எண்ணினேன்.

என் பக்கத்துச் சீட்டில் இருந்தவள் மட்டும் கை தட்டவில்லை. நாலாம் வகுப்புப் பிள்ளை. மூன்று மாதமாக ஓடி வந்து அந்தச் சீட்டைப் பிடிக்கிறவள், ஏறினால் வாய் மூட மாட்டாள். வீட்டுப் பூனை, டீச்சரின் புதுக் குடை, உம்மாவின் சண்டை எல்லாம் எனக்குச் சொல்லுவாள். என்மேல் உள்ள பாசம் என்று நினைத்திருந்தேன். அன்றைக்கு அவள் ஒரு வார்த்தையும் பேசியிருக்கவில்லை. இப்போது முகம் வெளுத்து, கண் நிறைந்து, கரகரத்த குரலில் சொன்னாள்:

"மாமா, சொரி மாமா. எனக்குத் தொண்டை நோ. அதான் கதைக்கல்ல. உம்மாட்ட சொல்லிராதீங்க."

"நீ எதுக்கு மகள் கதைக்கணும்?"

"நீங்க தூங்கிருவீங்க எண்டுதான். உம்மா கதைச்சிட்டே இருக்கச் சொன்னவ."

ஒன்பது வயதுப் பிள்ளை. நான் தூங்கிவிடாமல் மூன்று மாதம் அவள் காவல் காத்திருக்கிறாள். தொண்டை நோவு வந்த ஒரு நாள் விட்டுவிட்டாள், அது தன் பிழை என்று அழுகிறாள். பயம் என்றால் என்னவென்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ஊரை விட்டு நடந்த நாளில்கூட வாப்பாவின் விரல் என் கையில் இருந்தது. இங்கே அந்தப் பிள்ளை பிடித்துக்கொண்டிருந்த விரல் என்னுடையது.

தோட்டத்துக்காரர் மண்வெட்டியோடு ஓடி வந்தார். "என்ன நானா, என்னாச்சு?"

"கழுதை குறுக்கே வந்துட்டு" என்றேன்.

அவர் உடனே நம்பினார். எங்கள் ரோட்டில் கழுதைகள் நடு வழியில் நின்று யோசிக்கிறது எல்லாருக்கும் தெரியும். "சனியன் புடிச்ச கழுதைகள்" என்று திட்டிக்கொண்டே நாலு பேரைக் கூப்பிட்டு வேனைத் தள்ளிவிட்டார். வீடு வீடாகப் பிள்ளைகளை இறக்கும்போதும் அதே கழுதையைச் சொன்னேன். கடைசியாக அவளை இறக்கினேன். அவளுடைய உம்மா வேலியில் மோதி முறிந்த பக்கக் கண்ணாடியைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கழுதையைச் சொன்னேன். அவர் பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே போனார், நாலாம் வகுப்புப் பிள்ளையை.

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவள் திட்டுவாள் என்று பார்த்தேன். அவள் சுவரோடு சாய்ந்து மெல்லச் சரிந்து தரையில் உட்கார்ந்தாள். "ராவெல்லாம் நான் உங்கட மூச்ச எண்ணுறன். பகல்ல பதினொரு பேர்ட மூச்ச உங்கட கையில குடுத்துட்டு இருந்திருக்கன்" என்றாள். பிறகு கையை நீட்டினாள். "திறப்பத் தாங்க." வேன் சாவியை வாங்கி முந்தானை முடிச்சில் கட்டிக்கொண்டாள்.

அடுத்த நாள் கிளினிக் நாளில்லை. ஆனாலும் போய் வாசல் வாங்கில் உட்கார்ந்திருந்தோம். டொக்டர் வெளியே வந்தபோது எழுந்து நின்று சிங்களத்திலேயே சொன்னேன், மிஸ்ஸைத் தமிழ்ப்படுத்த விடவில்லை. போலீசுக்குச் சொல்லுவார் என்று பயந்தேன். அவர் உள்ளே கூட்டிக்கொண்டு போய், என் தாளைத் தேடி எடுத்து, பூச்சியத்தை வெட்டி மூன்று என்று எழுதினார். "இன்றிலிருந்து நீங்கள் வாகனத்தைத் தொடக் கூடாது. நான் சொல்லும் வரைக்கும்" என்றார். குரல் கடுமையாகத்தான் இருந்தது. கொழும்புக்கு அங்கேயே போன் எடுத்தார்.

கொழும்பில் தலையிலும் நெஞ்சிலும் வயர்களை ஒட்டி என்னை உறங்கவைத்தார்கள். ஒரு மணித்தியாலத்தில் எத்தனை தரம் என் மூச்சு நின்றது என்று சொன்னபோது மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் எண்ணியது பாதிகூட இல்லை. முகத்தில் மாட்டிக் காற்றடிக்கிற ஒரு மெஷின் தந்தார்கள். அதைக் கண்டாலே கபுறுக் குழிக்குள் வைத்து மூடுகிற மாதிரி எனக்கு மூச்சு முட்டியது. முதல் வாரம் இழுத்து எறிந்தேன். மனைவி எறிய எறிய எடுத்து மாட்டினாள். இரண்டாம் வாரம் ஒரு விடியலில் சுபஹு பாங்குக்கு நானே விழித்தேன். தலையில் பாரமில்லை, கண்ணில் எரிச்சலில்லை. மூச்சு நின்று மௌத்தாகிவிட்டேனோ என்றுதான் முதலில் நினைத்தேன். மனைவி பக்கத்தில் விழித்தபடி உட்கார்ந்திருந்தாள். சத்தமே இல்லாததால் அவளுக்குத் தூக்கம் வரவில்லையாம்.

மெஷின் நித்திரைக்கு, உடம்புக்கு இன்னும் வேலையிருக்கிறது என்றார் டொக்டர். சின்னப் பீங்கான், நடை, குளிசை, மாதத்துக்கொரு தரம் நிறுவை. விசேஷ வீடுகளில் பிஸ்மி சொல்லும் முன்பே சொல்லப் பழகினேன்: "எனக்கு வருத்தம். நான் பாதியில கை எடுப்பன். நீங்க எடுக்கப்படாது." முதல் தடவை சொன்னபோது ஒரு பெரியவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இன்னொருவர் என் காதருகே குனிந்து, "அந்த டொக்டர்ட பேர் என்ன?" என்று கேட்டார். எட்டு மாதத்தில் நூற்று ஒன்பதுக்கு வந்தேன். அதுவரை மச்சான்தான் வேன் ஓட்டினார். திரும்பவும் பரிசோதித்துவிட்டு, ஓட்டலாம் என்று டொக்டர் எழுதித் தந்தார்.

கடிதத்தைக் காட்டித் திறப்பைக் கேட்டேன். மனைவி தரவில்லை. "வருத்தம் சுகம். பொய் அப்பிடியே கிடக்கு. கழுதை வரல்ல எண்டு எல்லா ஊட்டுலயும் சொல்லிட்டு வாங்க."

போனேன். ஓட்டிப்போக முடியாதே, நடந்துதான் போனேன். ஒவ்வொரு வாசலிலும் காலடி எடுத்துவைக்க முன், ஷைத்தானிடமிருந்து காவல் கேட்கும் அவுது ஓதிக்கொண்டேன். சிலர், "அல்லாஹ் காப்பாத்தினான், விடுங்க நானா" என்றார்கள். ஒரு தகப்பன் மட்டும் சேர்ட்டைப் பிடித்துவிட்டார். பிடித்த பிடி நியாயம், நான் அசையவில்லை.

கடைசி வீடு அவளுடையது. உம்மா வாசலுக்கு வந்தார்.

"தங்கச்சி, அண்டைக்கு கழுதை ஒண்டும் வரல்ல."

"தெரியும் நானா" என்றார். தலைத்துணியை இழுத்து வாயில் வைத்துக்கொண்டார். "நீங்க தூங்குறது அதுக்கு முந்தியே தெரியும். மகள் சொன்னவ. வேற வேன் இல்ல எண்டு அனுப்பினன். உங்கள்ட நேர கேக்க வெட்கம், மனம் நோகும் எண்டு. அதான் அவவ கதைக்கச் சொன்னன். கேட்டிருக்கணும் நானா. பிள்ளைட தலையில அதப் போட்டிருக்கக் கூடாது."

 எனக்கு மனம் நோகுமென்று அவர் வாயை மூடிக்கொண்டார், அவர்கள் மனம் நோகுமென்று நான் சஹனில் கை எடுக்கவில்லை. எங்கள் மரியாதைக்கு நடுவில் ஒரு பிள்ளை இருந்திருக்கிறாள்.

"உங்கள மன்னிச்சி மாப் தந்துட்டன். ஆனா இனி அனுப்ப ஏலாது. எனக்குப் பயம்" என்றார்.

"எனக்கும் பயம்தான் தங்கச்சி" என்றேன்.

அவள் கதவுக்குப் பின்னாலிருந்து வந்தாள். வளர்ந்திருந்தாள். என் வயிற்றைப் பார்த்து, "மாமா மெலிஞ்சிட்டீங்க" என்றாள். பிறகு மெதுவாகக் கேட்டாள், "இப்ப உங்களோட யாரு கதைக்கிற?"

"யாரும் தேவையில்ல மகள். மாமா இப்ப ராவைக்கு நல்லா நித்திரை கொள்றன். பகல்ல தூக்கம் வாறல்ல."

அவள் உம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். மறுபடி என்னைப் பார்த்தாள். வகுப்பில் டீச்சரிடம் கேட்கிற மாதிரி நேராக நின்று கேட்டாள்:

"அப்ப நான் போகட்டா?"

"போ மகள்" என்றேன்.

அவள் செருப்பைக்கூடப் போடாமல் விளையாட மணலில் ஓடினாள். நான் ரோட்டுக்கு வந்து, மதிலைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதேன்.